எலியின் உயிரணுவில் ஒரு வரலாறு

மும்பை மாதுங்காவின் அகன்ற வீதிகள் ஒரு கொள்ளைநோயின் விளைவாகத் தோன்றியவை என்பதை அங்கு வாழும் தமிழருள் பலர் அறிந்திரார். 1896ஆம் ஆண்டில், துறைமுகத்தை அடுத்த மாண்டுவிப் பகுதியில் பிளேக் நோய் தலைகாட்டியது. நெருக்கமும் இருளும் மிகுந்த குடியிருப்புகளே நோய்க்கு இடமளித்தன என்று கருதிய அரசினர், 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவினர். அது வகுத்த தாதர்-மாதுங்கா திட்டத்தில் எழுந்த வீடுகளிலேயே தென்னாட்டார் பிற்காலத்தில் பெருந்திரளாகக் குடியேறினர்.

பிளேக் நோயை எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி பரப்புகிறது என்று 1898இல் பால்-லூயி சிமோன் கராச்சியில் கண்டறிந்தார். பின்னர் பம்பாயில் ஆராய்ந்த அறிஞர் குழு, மனிதர்க்கு நோய் பரவுவதில் வீட்டுக்குள் வாழும் கறுப்பெலிக்குப் பெரும்பங்கு உண்டு என உணர்ந்தது. ஆனால், கறுப்பெலி என்பது ஒரே இனமா என்னும் கேள்விக்கு அந்நாளில் தெளிவான விடை கிடைக்கவில்லை.

அக்கேள்விக்குப் புதிய ஒளி தந்தவை குரோமோசோம்கள். உயிரணுவினுள் இருந்து மரபுப் பண்புகளைத் தாங்கும் நுண்ணிய இழைகள் இவை. மனிதனிடம் இவை 46 என்பதே 1956இல்தான் டிஜோ, லெவான் ஆகிய இருவரால் உறுதியாயிற்று. எண்ணும் முறை இவ்வாறு திருந்திய பின், ஜப்பானில் மிஷிமா நகரத்துத் தேசிய மரபியல் நிலையத்தைச் சேர்ந்த யோஷிடா என்னும் அறிஞர், பல நாட்டுக் கறுப்பெலிகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஜப்பான் முதலிய கிழக்காசிய நாட்டு எலிகளில் 42 குரோமோசோம்கள் இருந்தன. இலங்கையில் 40 உடையவை கிடைத்தன. தென்னிந்திய எலிகளிலோ 38. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களின் எலிகளிலும் அதே 38!

எண் குறைந்ததால் மரபுச் செல்வம் குறைந்துவிடவில்லை. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை பொருந்தி ஒன்றாகிவிடுவதுண்டு. அவை இணை இணையாக இருப்பதால், இத்தகைய சேர்க்கை ஒன்று நிலைபெற்றால் எண்ணிக்கையில் இரண்டு குறையும். 42, 40 ஆனது ஒரு சேர்க்கையால். 38 ஆனது இரண்டாம் சேர்க்கையால்.

இவற்றுள் 42 என்பதே பழைய நிலை. சேர்க்கைகள் தென்னிந்தியப் பகுதியில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது யோஷிடாவின் முடிபு. அங்கிருந்து 38 குரோமோசோம் எலி மேற்கு நோக்கிச் சென்றது. ரோமானியர் காலத்திலேயே அது ஐரோப்பாவில் இருந்தது. 1492க்குப் பின் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி அமெரிக்காவையும் அடைந்தது. வணிகர் எழுதிவைத்த கணக்கில் இந்தப் பயணிக்கு இடமில்லை. ஆயினும் அதன் பயணச் சான்று அதன் உயிரணுவிலேயே பதிந்து கிடந்தது.

இஃது அறிவின் விநோதம் மட்டுமன்று. 42 உடைய எலியையும் 38 உடைய எலியையும் கலந்து வளர்த்தபோது, பிறந்த கலப்புக் குட்டிகள் இனம் பெருக்கும் ஆற்றலில் மிகவும் குன்றியிருந்தன. ஆகவே, கிழக்காசிய எலியை ஆய்வாளர் இப்பொழுது தனியினமாகவே கொள்கின்றனர். 2011இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று கறுப்பெலிக் கூட்டத்தில் ஆறு கிளைகளைக் காட்டியதோடு, உலகெங்கும் பரவிய கிளை இந்தியத் தீபகற்பத்தில் தோன்றியது என்னும் கருத்துக்கும் வலுவூட்டியது.

கப்பல்கள் வந்துசேரும் நகரங்களில் பல கிளைகளைச் சேர்ந்த எலிகள் ஒருங்கே வாழக்கூடும். தோற்றத்தால் அவற்றைப் பிரித்தறிவது கடினம். எந்த எலி எந்த நோயைச் சுமக்கிறது என்று அறிய விரும்புவோர், முதலில் அந்த எலி எது என்று அறிந்தாக வேண்டும். மாதுங்கா உருவாகக் காரணமான அந்தக் கொள்ளைநோய், தாராவி போன்று மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளைக் கொண்ட ஒரு நகரத்துக்கு இன்றும் உணர்த்தும் பாடம் இதுவே.