ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனை ஸ்ரீ?

போன மாசம் எங்க டிக்கெட் பட்டியலில் ஒரே புகார் இரண்டு எண்ணில் நின்றது. "ஸ்ரீவில்லிபுத்தூர்: மாவட்டம் தவறு". பழைய புத்தகங்களிலிருந்து ஊர்ப்பெயர்களை எடுத்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம், நாலு பேர். புத்தகத்தில் ராமநாதபுரம் மாவட்டம்னு இருக்கும். 1985ல் மாவட்டம் பிரிஞ்சதால அதைத் திருத்தணும். இந்த மாதிரித் திருத்தங்களைக் குறித்துவைக்க என் வீட்டுப் பழைய கணினியில் ட்ராக் என்கிற பக் ட்ராக்கரை ஓட்டுகிறேன். இணையப் பக்கத்தில் படிவத்தை நிரப்பினால் புகாருக்கு ஒரு எண் விழும், வேலை முடிந்ததும் மூடலாம். அவ்வளவுதான் அது.

ஆனால் இந்த இரண்டு டிக்கெட்டையும் படிவத்தில் யாரும் நிரப்பவில்லை. பட்டியலைச் சரிபார்க்கும் ஒரு சின்ன நிரல் பின்வாசல் வழியா வந்து போட்டது. அந்த நிரல் முதலில் "இந்தத் தலைப்பில் ஏற்கெனவே டிக்கெட் இருக்கா?"ன்னு கேட்கும். இல்லைன்னு பதில் வந்தால்தான் புதுசு போடும். ஒரு தடவை என் கணினியிலிருந்து ஓடியது, மறு தடவை ராஜபாளையத்து நண்பரின் கணினியிலிருந்து. பிறகு எப்படி இரண்டு? அதைத் தேடப்போய்த்தான் இந்தப் பின்வாசலின் வரலாற்றையே புரட்ட வேண்டியதாயிற்று.

முதல் சந்தேகம் எங்க ஊர் இணைப்பு மேல். நிரல் கேட்டது, சர்வர் டிக்கெட்டைப் போட்டது, "போட்டாச்சு, எண் இது"ங்கற பதில் வரும்முன் லைன் போய்விட்டது, நிரல் மறுபடி போட்டது. மணியார்டர் அனுப்பிய காலம் ஞாபகம் இருக்கிறவங்களுக்கு இது புதுசில்லை. பணம் போய்ச் சேர்ந்ததும் கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு திரும்பி வரும். சீட்டு வரலைன்னா பணம் போய்ச் சேரவில்லையா, பணம் போய் சீட்டு மட்டும் தொலைந்ததா? இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. மறுபடி அனுப்பினால் இரட்டிப்பாகலாம், அனுப்பாவிட்டால் அங்கே பட்டினி கிடக்கலாம்.

இன்னொரு கணினியில் இருக்கும் செயலை, நம்ம கணினியிலேயே இருப்பது போலக் கூப்பிடுவதற்குப் பேர் ரிமோட் புரொசீஜர் கால், சுருக்கமாக ஆர்பிசி. யோசனை பழசு. 1976ல் ஜேம்ஸ் வைட் என்பவர் அர்ப்பாநெட் ஆட்களுக்காக எழுதிய 707ஆம் எண் ஆர்எஃப்சி குறிப்பில் இது தெளிவா இருக்கிறது. உள்ளூர் அழைப்பு மலிவு, வெளியூர் அழைப்பு அப்படியில்லை, இரண்டையும் ஒரே மாதிரி காட்டினால் எழுதுகிறவர் அதை மறந்துவிடுவார் என்ற கவலையும் அப்போதே அவருக்கு இருந்தது. அதைச் சரியாகக் கட்டிக் காட்டியவர்கள் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும். அவங்க கட்டுரை வந்தது 1984ல்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. பதில் வந்தால், செயல் சரியா ஒரே தடவை நடந்தது என்று உறுதி தருகிறார்கள். பதில் வராமல் பிழை வந்தால்? ஒரு தடவை நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம், எது என்று சொல்லமாட்டோம். ஒப்புகைச் சீட்டு தொலைந்த நிலைதான். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் இதில் பெரிய மாற்றமில்லை. குயிலையும் மேகத்தையும் தூது அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவளின் ஊர்க்காரன் நான், இது எனக்குப் புரியாமல் இருக்காது!

சரி, பக் ட்ராக்கருக்கு வருவோம். டெர்ரி வைஸ்மன் 1998ல் மொசில்லாவுக்காகப் பக்ஸில்லாவை எழுதினார், முதலில் டிசிஎல் மொழியில், அப்புறம் பெர்ல். அது மனுஷங்களுக்கான வாசல்: படிவம், பொத்தான், பக்கம். நிரல் எழுதி வேலை வாங்க நினைத்தவர்கள் அந்தப் பக்கத்தையே எடுத்து, குறிகளைப் பிய்த்து, நடுவிலிருந்து தகவலை உருவினார்கள். பக்கத்தின் அமைப்பை யாராவது கொஞ்சம் மாற்றினால் நிரல் செத்துவிடும். இதற்கு மாற்றும் அதே 1998லேயே பிறந்தது. டேவ் வைனர் மைக்ரோசாஃப்ட் ஆட்கள் சிலரோடு சேர்ந்து உருவாக்கிய எக்ஸ்எம்எல்-ஆர்பிசி. செயலின் பெயரையும் அதற்கான தகவலையும் எக்ஸ்எம்எல்லில் மடித்து, சாதாரண இணைய வழியிலேயே அனுப்புவது. விதிமுறை சில பக்கம்தான், ஒரு மத்தியானத்தில் படித்து முடிக்கலாம்.

பக்ஸில்லாவுக்கு இந்தப் பின்வாசல் அதிகாரபூர்வமா வந்தது 2007ல், 3.0 பதிப்பில். ரெட் ஹாட் நிறுவனம் தன்னுடைய பக்ஸில்லாவில் அதற்கு முன்பே சொந்தமா ஒன்று வைத்திருந்தது. அதன் பலன் 2009ல் ஃபெடோரா 12 வந்தபோது தெரிந்தது. ஏதாவது மென்பொருள் விழுந்தால் கணினியே விவரங்களைச் சேர்த்து, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, புகாரைப் பதிந்துவிடும். ஒரே விபத்து ஆயிரம் பேருக்கு நடந்தால் ஆயிரம் புகார் வரக்கூடாதே? அதனால விபத்தின் தடயத்திலிருந்து ஒரு சின்ன முத்திரை எண்ணைக் கணக்கிட்டு, அதை வைத்து முதலில் தேடும், இருந்தால் புதுசு போடாது. எங்க நிரல் செய்ததும் அதன் ஏழை வடிவம்தான். முத்திரைக்குப் பதில் தலைப்பு.

ட்ராக்கில் இந்த வேலையைச் செய்வது அலெக் தாமஸ் எழுதிய ஒரு செருகுநிரல். அதன் உள்வேலை எளிமையானது. சர்வருக்கு ஒரு கோரிக்கை வந்ததும் ட்ராக் தன்னிடமுள்ள ஒவ்வொரு பகுதியையும் "இது உன்னுதா?"ன்னு வரிசையாகக் கேட்கும். முகவரி ஆர்பிசி என்று முடிந்தால் செருகுநிரல் "என்னுது" என்று கையைத் தூக்கும். வந்தது எந்த வகை என்று தலைப்புக் குறிப்பைப் பார்க்கும். எக்ஸ்எம்எல் என்றால் ஒரு வழி, ஜேசன் என்றால் இன்னொரு வழி. உலாவியில் நீங்க சும்மா அந்த முகவரியைத் திறந்தால், என்னென்ன செயல்கள் உண்டு என்ற பட்டியலைப் பக்கமாகக் காட்டும் (இந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்). அப்புறம் உங்களுக்குப் பின்வாசல் அனுமதி இருக்கான்னு ஒரு கேள்வி, டிக்கெட் போடும் அனுமதி இருக்கான்னு தனியா ஒரு கேள்வி. இரண்டும் தாண்டினால் செயல் நடக்கும், பதில் மடிக்கப்பட்டுத் திரும்பும்.

படிவ வாசலில் காவல் கொஞ்சம் கூடுதல். பக்ஸில்லாவில் ஒரே படிவத்தை இரண்டு தடவை அனுப்பினால், இதை வைத்து ஏற்கெனவே ஒரு புகார் போட்டாச்சே என்று எண்ணோடு நிறுத்திக் கேட்கும். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு டோக்கன் இருப்பதால் அது முடிகிறது. ட்ராக்கின் பின்வாசலில் டிக்கெட் போடும் செயல் வாங்கிக்கொள்வது தலைப்பு, விளக்கம், மற்ற விவரங்கள். "இது என் பழைய கோரிக்கையேதான், மறுபடி அனுப்புகிறேன்" என்று சொல்ல இடமே இல்லை. மனுஷன் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவான் என்று யோசித்தவர்கள், இயந்திரமும் அதைச் செய்யும் என்று யோசிக்காமல் விட்டது வேடிக்கை.

ஆக இணைப்புதான் குற்றவாளி என்று முடிவுகட்டி, சர்வர் பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு டிக்கெட்டுக்கும் நடுவில் ஒன்பது நாள் இடைவெளி. இரண்டுக்கும் பதில் ஒழுங்காய்ப் போயிருக்கிறது. ஒப்புகைச் சீட்டு எதுவும் தொலையவில்லை.

அப்போ இரண்டாவது சந்தேகம்: வழியில் தமிழ் கெட்டுப்போனதோ? இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எக்ஸ்எம்எல்-ஆர்பிசியின் மூல விதிமுறையில் எழுத்துச் சரம் என்றால் "ஆஸ்கி" சரம் என்றே எழுதியிருந்தது. எக்ஸ்எம்எல் என்பது உலக மொழி எல்லாவற்றையும் தாங்கும் என்று சொல்லப்பட்ட காலத்தில், அதன் மேல் கட்டிய வாசலில் ஆங்கில எழுத்துக்கு மட்டும் அனுமதி என்று பலகை. 2003 ஜூன் கடைசியில்தான் வைனர் அந்த ஒரு சொல்லை நீக்கினார். தமிழ் வலைப்பதிவுகள் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறத் தொடங்கிய சமயமும் ஏறக்குறைய அதுவே.

பலகையை எடுத்தாலும் காவலாளி பழைய ஆள். பக்ஸில்லா 3.0 தன் பின்வாசலுக்கு சோப்-லைட் என்ற பெர்ல் தொகுப்பை நம்பியிருந்தது. கொடுத்த மதிப்பு எண்ணா, எழுத்தா என்று அது தானே ஊகிக்கும். ஆஸ்கியைத் தாண்டிய ஒரு எழுத்து இருந்தாலும், இது எழுத்தே இல்லை, படம் மாதிரி ஏதோ இருமத் தரவு என்று நினைத்து பேஸ்64 ஆக மாற்றி அனுப்பும். "வழு" என்று அனுப்பினால் மறுபக்கம் பூட்டிய பெட்டி போய்ச் சேரும். அதனால பக்ஸில்லாக்காரர்கள் ஊகத்துக்கே இடம் கொடுக்காமல், திருப்பி அனுப்பும் மதிப்புகளுக்கு "இது எழுத்து", "இது எண்" என்று தாங்களே சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. இயந்திரத்துக்குத் தமிழ் ரொம்ப நாள் எழுத்தாகவே படவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எங்க ட்ராக் பைத்தானில் ஓடுகிறது, எஸ்க்யூலைட்டில் சேமிக்கிறது, இரண்டும் யூனிகோடை ஒழுங்காக் கையாளும். டிக்கெட் இரண்டிலும் தமிழ் பளிச்சென்று இருந்தது. அதுதான் குழப்பமே. பளிச்சென்று, ஒரே மாதிரி, ஆனால் தேடல் மட்டும் இரண்டும் வேறு என்கிறது.

கடைசியில் இரண்டு தலைப்பையும் எடுத்து எழுத்து எழுத்தாக எண்ணாக மாற்றி அச்சடித்தேன். ஊர்ப்பெயர் மட்டும் பதினெட்டு குறியீடுகள், ஐம்பத்துநாலு பைட், இரண்டிலும் அதே அளவு. பதினேழு குறியீடுகள் ஒத்துப்போகின்றன. முதல் குறியீடு மட்டும் ஒன்றில் 3000, இன்னொன்றில் 2998.

3000 என்பது ஸ. 2998 என்பது ஶ. இந்த இரண்டாவது எழுத்தைப் பலர் பார்த்திருக்கவே மாட்டீர்கள். வடமொழியின் "ஶ" ஒலிக்கான கிரந்த எழுத்து. யூனிகோடில் ஆரம்பத்தில் இது தமிழுக்கு இல்லை. அதனால ஸ்ரீ என்ற கூட்டெழுத்தை வரவைக்க, ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற வரிசையை எழுத்துரு செய்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், எல்லாரும் அப்படியே தட்டச்சினோம். 2005ல் யூனிகோடு 4.1 வந்தபோது ஶ சேர்ந்தது. சரியான ஸ்ரீ இனி ஶவில் தொடங்க வேண்டும் என்றானது, ஒலிப்படி அதுதான் நியாயமும். ஆனால் அதற்குள் எழுதிக் குவித்ததை யார் மாற்றுவது? எழுத்துருக்கள் இரண்டு வரிசைக்கும் ஒரே வடிவத்தைக் காட்டத் தொடங்கின. தமிழ்99 விசைப்பலகையில் ஸ்ரீக்குத் தனி விசையே உண்டு. அதை அழுத்தினால் எந்த வரிசை போகும் என்பது மென்பொருள் எழுதினவர் கையில். என் கணினி 3000 அனுப்புகிறது. நண்பர் தன் பகுதிப் பட்டியலைப் போனில் தட்டச்சியிருந்தார், அது 2998.

யூனிகோடிலேயே இதற்கு மருந்து இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். "கொ" என்பதையும் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியா 3018, அல்லது 3014க்கும் 3006க்கும் பிரித்து. அவை இரண்டும் சமம் என்று யூனிகோடு அறிவித்திருப்பதால், நார்மலைசேஷன் என்ற வேலையைச் செய்தால் ஒன்றாகிவிடும். ஆனால் ஸவும் ஶவும் உண்மையிலேயே வெவ்வேறு எழுத்து. சமம் என்று யாரும் அறிவிக்கவில்லை, அறிவிக்கவும் கூடாது. கூட்டெழுத்தில் மட்டும் ஒன்றாகத் தெரிகின்றன. அதனால் நார்மலைசேஷன் முடிந்தும் எங்க ஊர் இரண்டு ஊராகவே நின்றது.

படிவ வாசலில் வந்திருந்தால் இது ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். பட்டியலைப் பார்க்கிற மனுஷக் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஸ்ரீவில்லிபுத்தூர். பின்வாசலில் கண் கிடையாது, எண் மட்டும்தான். பக் ட்ராக்கருக்குள் தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், புகாரை ஆங்கிலத்தில் போட்டுப் பழகியிருக்கிறோம். அதனாலேயே இந்த மாதிரி வழுக்கள் வெளியே தெரியாமல் கிடக்கின்றன. இது ஸ்ரீரங்கத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் உண்டு, ஸ்ரீ என்று தொடங்கும் பேர் உள்ள ஒவ்வொரு மனுஷருக்கும் உண்டு. தமிழில் பெயர் போட்ட ஒரு வாக்காளர் பட்டியலையோ பயனாளிகள் பட்டியலையோ ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேட்கும்போது "இப்படி ஒருவர் இல்லை" என்று பதில் வந்தால், அங்கே ஒப்பிட்டுப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்கள்?

தீர்வு என்று நான் செய்தது சின்ன வேலை. தேடும்போது மட்டும் 2998, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற வரிசை கண்ணில் பட்டால் முதல் எண்ணை 3000 ஆக்கி ஒப்பிடச் சொன்னேன். சேமித்திருக்கும் எழுத்தைத் தொடவில்லை. நண்பர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஶதான் சரி, மாற்றுவதானால் உன்னுடையதை 2998 ஆக்கு என்கிறார். போனில் அரை மணி நேரம் சண்டை. இலக்கணப்படி அவர் சொல்வது சரி. எண்ணிக்கைப்படி எங்க பட்டியலில் 3000தான் அதிகம். ஒப்பிடும் இடத்தில் எந்தப் பக்கம் மடித்தாலும் கணக்கு ஒன்றுதானே என்றேன், அவருக்கு மனசு ஆறவில்லை.

இரட்டை டிக்கெட்டில் பின்னதை "முன்னதன் நகல்" என்று மூடிவிட்டேன். முன்னது இன்னும் திறந்தே இருக்கிறது. மாவட்டப் பெயரைத் திருத்தும் வேலையை இந்தக் கலாட்டாவில் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.