உடைந்த பாறையும் சிறைச் சட்டமும்

தென்னாப்பிரிக்கச் சிறைகளில் 26, 27, 28 என எண்களாலேயே வழங்கும் மூன்று குழுக்கள் உள்ளன. இவற்றின் அதிகாரம் கத்தியால் மட்டும் வந்ததன்று. ஒரு கதையைச் சொல்லும் உரிமையாலும் வந்தது.

கதைநாயகன் நொங்கொலோசா வரலாற்று மாந்தனே. 1867இல் பிறந்த இவன் ஜொகானஸ்பர்க்கை அடுத்த குன்றுகளில் கொள்ளைக்கூட்டம் அமைத்தான். ஆண்டவனை எதிர்த்த நகரமென்று விவிலியத்தில் தான் கண்ட நினிவேயின் பெயரை அதற்குச் சூட்டினான். போயர் படையைப் பார்த்துத் தளபதிப் பதவியும் வகுத்தான். கூட்டத்தார் சிறைப்படவே அமைப்பும் உள்ளே வேரூன்றிற்று. 1912இல் அவன் வாக்குமூலம் அளித்துச் சிறைக்காவலனாகவே மாறினான்; அமைப்போ அழியவில்லை.

வாய்மொழிக் கதையில், போ என்னும் முதியவர் வகுத்த சட்டம் பாறையிலும் மாட்டுத்தோலிலும் பதிகிறது. பின்னர்ப் பாறை உடைகிறது. இளைஞரோடு பாலுறவு கொள்ளச் சட்டம் இடந்தருகிறது என்கிறான் நொங்கொலோசா, கிலிக்கிஜான் மறுக்கிறான். முன்னவன் வழியினர் 28, பின்னவன் வழியினர் 27. தந்திரத்தால் பொருளீட்டும் 26 பின்னர்ச் சேர்ந்தது. மூலபாடம் சிதைந்ததால் வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை. பாடவேறுபாடு ஆராய்வோருக்கு இது புதிதன்று; இங்கே பிழைபட்ட பாடத்துக்குக் குருதி சிந்த நேரிடும், அவ்வளவே.

குழுமொழியின் பெயர் சபேலா. சூலு மொழியில் ‘அழைப்புக்கு மறுமொழி கூறு’ என்பது பொருள். புதியவன் வினாக்களுக்கு மரபுத்தொடர்களாலேயே விடையிறுக்க வேண்டும். உறுப்பினனைக் குறிக்கும் ‘ந்தோடா’வும் சூலுச் சொல்லே. அதனை ‘ஆண்மகன்’ எனப் பெயர்த்தால் குழு மறைகிறது. ‘உறுப்பினன்’ என்றாலோ, வெளியார் ஆண்களேயல்லர் என்னும் இழிவுரை மறைகிறது. சொல்லை அவ்வாறே நிறுத்துவது நன்று.