பல்வெட்டு ஏடு முதல் கணிப்பொறி வரை

ஒப்பந்தத்தில் ஒரு சொல் மாறினும் உரிமை மாறிவிடும். ஆகவே, உடன்பட்ட ஏட்டைப் பின்னர் எவரும் திருத்திவிடாமல் காக்கும் வழியை மனிதர் நெடுங்காலமாகவே தேடி வந்துள்ளனர்.

இடைக்கால இங்கிலாந்தில் ஒரே தோலேட்டில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, இடையே பற்களைப்போல் வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பகுதியை வைத்துக்கொண்டனர். ஐயம் எழுந்தபோது இரு பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தனர். விளிம்புகள் பொருந்தாவிடில் போலி வெளிப்பட்டது. பல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்ததே 'இண்டெஞ்சர்' என்னும் அவ்வேட்டின் பெயர்.

தட்டச்சுப் பொறி வந்த பின்னர் ஒப்பந்தங்கள் நீண்டன, வரைவுகளும் பெருகின. ஒருவர் வாசிக்க மற்றொருவர் சரிபார்ப்பதும், மாற்றங்களைச் சிவப்பு மையால் குறிப்பதும் வழக்கறிஞர் அலுவலகங்களின் அன்றாடப் பணியாயின. கண் சற்றே அயர்ந்தால், 'வேண்டும்' என்பது 'வேண்டா' என மாறியிருப்பதும் தெரியாமற் போகும்.

இதற்குரிய தீர்வு சட்டத்துறைக்கு வெளியே பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான 'டிஃப்' என்னும் கணிப்பொறி நிரலின் வழிமுறையை, 1976ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹன்ட், டக்ளஸ் மெக்கில்ராய் ஆகிய இருவரும் விளக்கி எழுதினர். இரு கோப்புகளிலும் ஒரே வரிசையில் அமைந்த பொதுவான வரிகளுள் மிக நீண்ட தொடரை அது கண்டறியும். எஞ்சியவற்றை மாற்றங்களாகக் காட்டும். நிரல் எழுதுவோர்க்கென அமைந்த இத்தகைய ஒப்பீட்டு முறை, பின்னாளில் வழக்கறிஞரின் மேசைக்கும் வந்தது.

அடுத்து, பொருளை ஆராயும் மென்பொருள்கள் தோன்றின. 2018ஆம் ஆண்டில் 'லாகீக்ஸ்' நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து இரகசியக்காப்பு ஒப்பந்தங்களில் உள்ள சிக்கல்களைக் கண்டறிவதில் அந்நிறுவனத்தின் மென்பொருள் 94 விழுக்காடும், இருபது வழக்கறிஞர்கள் சராசரியாக 85 விழுக்காடும் சரியாகச் செய்தனர் என்று அது கூறியது.

எனினும், பிழையைச் சுட்டும் கருவி நியாயத்தை வழங்கிவிடாது. 'இண்டெஞ்சர்' என்னும் அதே பெயர் தாங்கிய உடன்படிக்கைகளின் கீழ்த்தான், அம்முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்படும்வரை, தமிழ்த் தொழிலாளர் மலாயாத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். தம்மைக் கட்டிய ஏட்டைப் படிக்கும் எழுத்தறிவு அவருள் பலர்க்கு இல்லை. இரு படிகளும் எழுத்துப் பிசகாமல் பொருந்தியிருப்பினும் அவர்க்கு அதனால் விளைந்த நன்மை யாது? ஏட்டைத் தாமே படித்துப் பொருளுணரும் ஆற்றலே ஒப்பமிடுவோர்க்கு முதற்காவல். அதனை வளர்க்கும் இடம் வகுப்பறையேயாகும்.