வதந்தியிலிருந்து போராட்டத்துக்கு: இலங்கையில் சமூக ஊடகத் தடையின் வரலாறு

இலங்கையில் இணையத்தை முடக்கும் வழக்கம், சமூக ஊடகங்கள் பரவலாவதற்கு முன்பே போர்க்காலத்தில் தொடங்கிவிட்டது. 2007 ஜூன் மாதத்தில் தமிழ்நெற் என்னும் செய்தித் தளத்தை இணையச் சேவை நிறுவனங்கள் அரசின் அறிவுறுத்தலின்பேரில் முடக்கின. போர் முடிந்த பிறகும் அரசை விமர்சித்த தளங்கள் சில இவ்வாறே மறைக்கப்பட்டு, கொழும்பு டெலிகிராப் போன்றவை 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே வாசகருக்கு மீண்டும் கிடைத்தன. தடைக்கான பொறிமுறை எளியது. பாதுகாப்பு அமைச்சு கோரினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிறுவனங்களுக்குப் பணிக்கும். குறிப்பிட்ட தளத்தைத் தேடிவரும் கோரிக்கைகளை நிறுவனங்கள் தம் வலையமைப்பிலேயே நிறுத்திவிடும்.

இந்தப் பொறிமுறை முதன்முதலாகச் சமூக ஊடகங்கள் மீது பெருமளவில் திரும்பியது 2018 மார்ச்சில். அதற்குச் சில நாள்களுக்கு முன், பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில், உணவில் கிடந்த மாவுக் கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று வாடிக்கையாளர்கள் கூச்சலிட்டனர். சிங்களம் சரளமாகத் தெரியாத அந்தக் கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்தின் கேள்வி விளங்காமல், அவர்களைச் சமாதானப்படுத்த எண்ணிச் சொன்ன தடுமாற்றமான பதில் ஒளிப்பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலம் போல முகநூலில் பரவியது. கடையும் அருகிலிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகனையில் கலவரம் மூண்டது. மார்ச் 5 அன்று அங்கே எரியூட்டப்பட்ட வீட்டினுள் சிக்கி முஸ்லிம் இளைஞர் ஒருவர் இறந்தார். 6 அன்று அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. முகநூல், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் ஆகியவை முடக்கப்பட்டது 7 அன்றுதான். ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்த அந்தத் தடை, வதந்தி தன் வேலையை முடித்த பிறகு வந்தது என்பதே அதன் பெருங்குறை.

ஆயினும் சமூக ஊடகங்கள் வன்முறையைத் தூண்டும் என்ற அரசின் அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சிங்களத்தில் எழுதப்படும் வெறுப்புப் பேச்சு முகநூலில் பெருகுவதை, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்னும் கொழும்பு ஆய்வு நிறுவனம் 2014-லேயே ஆவணப்படுத்தியிருந்தது. சிங்களம் அறிந்து பதிவுகளை மதிப்பிடும் பணியாளர்கள் போதிய அளவில் இல்லாமலே முகநூல் நிறுவனம் இலங்கையில் வளர்ந்தது. கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக அது 2020-இல்தான் வருத்தம் தெரிவித்தது. இந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தவர்கள் கண்டியின் முஸ்லிம் குடும்பங்கள்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்து அன்றே தடை விதிக்கப்பட்டது. மே மாதத்தில் முஸ்லிம்கள் மீதான தாக்குதல்களின்போது மீண்டும் விதிக்கப்பட்டது. இவ்வாறு தடை, எந்த நெருக்கடிக்கும் முதலில் கைக்கொள்ளும் கருவியாகப் பழகிப்போனது.

பழகிய கருவி 2022-இல் வேறு திசையில் திரும்பியது. எரிபொருள், மின்சாரம், மருந்து ஆகியவற்றின் தட்டுப்பாட்டால் வெகுண்ட மக்கள், ஏப்ரல் 3 அன்று நாடெங்கும் வீதிக்கு இறங்கச் சமூக ஊடகங்கள் வழியே அழைப்பு விடுத்திருந்தனர். அவசரகால நிலையும் ஊரடங்கும் நடப்பிலிருந்த அந்நாள் பிறந்ததுமே தளங்கள் முடங்கின. அங்கே தணிக்க வேண்டிய இனக்கலவரம் எதுவும் இல்லை. தடுக்க வேண்டியதாக அரசு கருதியது மக்கள் கூடுவதையே. இணைப்பை வேறு நாட்டின் வழியே திருப்பிவிடும் வி.பி.என். செயலிகளைக் கொண்டு இளைஞர்கள் தடையைத் தாண்டினர். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே இத்தடை பயனற்றது என்று வெளிப்படையாகச் சொன்னார். சுமார் 15 மணி நேரத்தில் தடை நீக்கப்பட்டது. அன்றிரவே அமைச்சர்கள் பதவி விலக முன்வந்தனர். ஜூலையில் ஜனாதிபதி கோத்தபாய நாட்டை விட்டு வெளியேறினார்.

2024 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐந்து உறுப்பினர் கொண்ட ஆணைக்குழுவொன்றை ஏற்படுத்தி, பதிவுகளை நீக்கவும் தளங்களை முடக்கவும் வழிவகுத்தது. இச்சட்டம் திருத்தப்படும்போது, தடைக்கு ஆணையிட்டவர் யார், காரணம் என்ன, எத்தனை நாளுக்கு என்னும் மூன்றையும் அன்றே வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தையேனும் நாடாளுமன்றம் அதில் சேர்க்க வேண்டும்.