குளத்து நீரும் மூக்குச் சதையும்

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் தேவநாதப் பெருமாளுக்கு முடி காணிக்கை செலுத்துவோர், குளித்த பின்னரே சந்நிதிக்குச் செல்வர். பக்கத்தில் கெடிலம் ஆறு. அருகே ஔடதகிரி, அதாவது மருந்து மலை. ஆறு, குளங்களில் தலை முழுகிக் குளிப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வழக்கத்தோடு ஒட்டி வந்த ஒரு மூக்கு நோயின் வரலாற்றை இங்கே காண்போம்.

நோயாளிக்கு மூக்கின் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி இரத்தம் வடியும். உள்ளே முசுக்கட்டைப் பழம் போன்று சிவந்த சதை வளர்ந்திருக்கும். தொட்டாலே இரத்தம் கசியும். சிலருக்கு அது பின்புறமாக வளர்ந்து தொண்டையில் தொங்குவதும் உண்டு. புற்றுநோயோ என்று வீட்டார் கலங்குவர். இது புற்றும் அன்று, ஒட்டுவாரொட்டியும் அன்று. இதன் பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ்.

சதையின் மேல் வெண்ணிறப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வித்துப் பை. முதிர்ந்த பை ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும். அதனுள் ஆயிரக்கணக்கான வித்துகள்! பை வெடித்து வித்துகள் வெளிப்படுகின்றன.

இதனை முதலில் விரிவாக எழுதியவர் கில்லர்மோ சீபர். ஆண்டு 1900; ஊர் தென் அமெரிக்காவின் போனஸ் அயர்ஸ். மூன்றாண்டுகளில், 1903-இல், கல்கத்தாவில் ஓகினீலி என்ற மருத்துவர் இதே நோயை விவரித்தார். ஓருயிரணு விலங்கே காரணம் என அன்று கருதினர். சென்னை அரசு கண் மருத்துவமனையின் ரைட், 1922-இல், இது கண்ணின் உட்சவ்விலும் வளர்வதை எழுதினார். மறு ஆண்டு எடின்பரோவில் ஆஷ்வொர்த் இதன் வாழ்க்கைச் சுற்றை ஆராய்ந்து, இது காளான் இனம் என்று முடிவு செய்தார். அம்முடிவே பல்லாண்டுகள் பாடநூல்களில் நிலைத்தது.

உலகில் இந்நோய் மிகுதியாக உள்ள இடங்கள் தென்னிந்தியாவும் இலங்கையும்தாம். கொழும்பின் கருணாரத்ன 1964-இல் இதைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார். நம் பக்கத்தில் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரங்களில், மாடும் மனிதரும் ஒரே ஊருணியில் இறங்கும் ஊர்களில், இதைக் காணலாம். மாட்டுக்கும் இது வரும். ஆற்று மணல் எடுக்க நீரில் மூழ்குவோரிடம் இது தோன்றுவதை மாண்ட்லிக் 1937-இலேயே சுட்டிக் காட்டியிருந்தார்.

ஆஷ்வொர்த்தின் முடிவு 1999-இல் ஆட்டங்கண்டது. இலங்கையின் அர்செகுலரத்ன உள்ளிட்ட குழுவினர் கிருமியின் மரபுப் பொருளை ஆராய்ந்தனர். இது காளானே அன்று. மீன்களைத் தாக்கும் சில நீர்வாழ் நுண்ணுயிர்களின் உறவு! குளத்து நீரைப் பற்றிய பழைய ஐயத்துக்கு இதனால் வலுக் கூடியது.

மருத்துவம் என்னவோ பழையதுதான். சதையை அறுத்தெடுத்து, அதன் அடியை மின்சூட்டால் பொசுக்குகின்றனர். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரையும் சிலருக்குத் துணையாகத் தரப்படுகிறது. வித்துகள் சிறிது தங்கிவிட்டாலும் சதை மீண்டும் முளைக்கலாம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று அறுவைக்கு வருவோர் உண்டு.

இக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க எத்தனையோ பேர் முயன்றனர். மற்றக் கிருமிகளைப் போல் இது வளரவில்லை. ஆகையால் ஒரு மருந்து இதனைக் கொல்லுமா என்று சோதிப்பதும் கடினமாகிறது. மேலும் ஒரு புதிர்: ஒரே ஊருணியில் ஊரே குளிக்கிறது, நோய் வருவதோ ஒரு சிலருக்குத்தான். அந்தச் சிலரின் உடலில் உள்ள வேறுபாடு என்ன என்பதே இன்று ஆய்வாளர் முன் நிற்கும் கேள்வி.