மேசை மின்வழங்கிகளை இணைத்தல்

மேசை மின்வழங்கி என்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை, வேண்டிய அளவுக்குத் திருகி வைத்துக்கொள்ளக்கூடிய நேர்திசை மின்சாரமாக்கித் தரும் ஆய்வுக்கூடக் கருவியாகும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ‘ஆர்.பி.எஸ்.’ என வழங்கும் இது பெரும்பாலும் 30 வோல்ட், 2 அல்லது 3 ஆம்பியர் அளவோடு நின்றுவிடுகிறது. இரண்டைச் சேர்த்து அதன் அளவை மீறும் முறையே விளக்கம் வேண்டுவது.

ஒன்றன் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு சேர்ப்பது தொடரிணைப்பு. இதில் மின்னழுத்தங்கள் கூடும். மின்னோட்டமோ இரண்டில் சிறியதன் எல்லையைத் தாண்டாது. நடுமுனையைப் பொதுவாகக் கொண்டால் செயல்பாட்டுப் பெருக்கிகளுக்கு வேண்டிய நேர், எதிர் மின்னழுத்தங்கள் இரண்டும் ஒருங்கே கிடைக்கும். பளு இணைந்திருக்கையில் ஒரு கருவி மட்டும் அணைந்துபோனால் மற்றது அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் முனைகளைத் தலைகீழாக்கி, உள்ளிருக்கும் மின்தேக்கிகளைக் கெடுக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு கருவியின் முனைகளுக்கும் குறுக்கே, கேதோடு நேர்முனையில் அமையுமாறு, முழு மின்னோட்டத்தையும் தாங்கும் டையோடு ஒன்றைப் பொருத்துவது நல்லது.

பெரும்பிழைகள் நேர்வது எர்த் இணைப்பில்தான். முகப்பிலுள்ள உலோகப் பட்டையால் இரு கருவிகளின் எதிர்முனைகளும் எர்த்தோடு இணைந்திருந்தால், தொடரில் கீழிருக்கும் கருவி அப்போதே குறுக்குச்சுற்றாகிவிடும். கீழ்முனை மட்டும் எர்த்தாகி, ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை நடுமுனையில் மாட்டினாலும் விளைவு அதுவே. பட்டைகளைக் கழற்றுவதே இதற்குத் தீர்வு. மூன்றுமுனைப் பிளக்கின் எர்த் முனையை முறிப்பது ஒருபோதும் தீர்வாகாது, ஏனெனில் கருவியின் உலோகப் பெட்டியில் மின்கசிவு ஏற்படும்போது தொடுபவரைக் காப்பது அந்த முனையே. வெளிமுனைகள் எர்த்திலிருந்து எத்தனை வோல்ட் விலகியிருக்கலாம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்த பின்பே மூன்றாவதொன்றைச் சேர்க்க வேண்டும். உலர்ந்த சூழலில் தொடுவதற்குப் பாதுகாப்பானதெனச் சொல்லப்படும் 60 வோல்ட் வரம்பும், வியர்வை தோலின் மின்தடையைக் குறைத்துவிடும் சென்னைக் கோடையில் முழுமையாக நம்பத்தக்கதன்று.

நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்க்கும் பக்க இணைப்பில் மின்னோட்டம் கூடும், ஆனால் சமமாகப் பகிரப்படாது. தலா 3 ஆம்பியர் எல்லையுடைய இரு கருவிகளில் ஒன்று 12.05, மற்றது 12.00 வோல்ட்டில் இருக்க, பளு 5 ஆம்பியர் இழுத்தால், உயர்ந்தது 3 ஆம்பியரைத் தந்து தன் எல்லையில் நிற்கும், எஞ்சிய 2 ஆம்பியரைத் தாழ்ந்தது தரும். எல்லையில் மின்னோட்டத்தை மாறாது காக்கும் கருவிகளுக்கே இம்முறை பொருந்தும். மிகுபளுவில் மின்னோட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும் வகைக்குப் பொருந்தாது. பளு குறையும்போது மின்னழுத்தம் உயர்ந்த கருவியின் அளவுக்கு ஏறிவிடுமாதலால், இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைச் சிறிதாகவே வைக்க வேண்டும். தொடர் டையோடுகள் பின்னோட்டத்தைத் தடுக்கும் என்றாலும் சிலிக்கான் வகையில் ஏறத்தாழ 0.7 வோல்ட் இழப்பாகும். ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரே நீளமும் தடிமனும் உள்ள கம்பிகள் பளுவுக்குத் தனித்தனியே செல்ல வேண்டும். ஒன்றன் முனையிலிருந்து அடுத்ததற்குத் தாவினால், முதற்கருவியின் முனையும் அதிலிருந்து பளுவுக்குச் செல்லும் கம்பியும் இரண்டின் மின்னோட்டத்தையும் சுமந்து சூடேறும்.