வெயிலும் புழுக்கமும்

வெப்பத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் வெயில் ஞாயிற்றின் ஒளியோடு கூடியது. புழுக்கம் ஒளியின்றியும் நிகழ்வது. நெல்லை அவித்தலைக் குறிக்கும் 'புழுக்கு' என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. புழுங்கல் அரிசி இன்றும் நம் அடுக்களையில் உண்டு. உடலுழைப்பின்போது நேரும் வெப்பத்தாக்கின் வரலாற்றை இவ்விரு சொற்களின் துணையோடு நோக்கலாம்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் இந்நோய்க்கு ஞாயிற்றின் பெயரையே இட்டனர். பெயர் காட்டிய வழியில் காப்பும் சென்றது. தலையில் வெயில் படாதிருக்க நெட்டியாலான சோலா தொப்பி. முதுகெலும்பில் படாதிருக்கத் தடித்த துணிப்பட்டை! ஆனால், அணிவகுத்து நடக்கும் வீரனின் தசைகளே வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. அதனை வெளியேற்றுவது உலரும் வியர்வை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமேயன்றி உலராது; உடலும் குளிராது.

இவ்வுண்மைக்கு எண்வடிவம் தந்தவர்கள் யாக்லூ, மினார்ட் என்னும் இருவர். அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் வீழ்வதைத் தடுக்க அவர்கள் வகுத்த அளவுகோல் 1957இல் வெளியாயிற்று. அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, கதிர்வீச்சை அளக்கும் கருங்கோளத்துக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10. புழுக்கத்திற்கே பெரும்பங்கு. இவ்வளவு 32 பாகையைத் தொட்டால், வெளியில் கடுமையாக உழைப்போர்க்கு மணிக்கு 10 நிமிடமேனும் நிழலில் ஓய்வு வேண்டும் என்பது 2023இல் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வகுத்த நெறி. காற்று 1 பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கவல்லது. வெப்பமடையும் உலகில் ஈரம் மிக்க நம் நிலப்பகுதிக்கு இது சிறுசெய்தியன்று.

நம் பள்ளி நாளில், மேகம் மூடிய ஒரு காலையில், நெட்டோட்டத்தின்போது மாணவன் ஒருவன் தடுமாறிப் பிதற்றினான். "வெயிலே இல்லை, நடிக்கிறான்" என்றார் ஆசிரியர். சிற்றுண்டிச்சாலை அம்மையார்தாம் ஓடிவந்து வாளி வாளியாய் நீரூற்றினார், அவன் பிழைத்தான். அப்போதும் அவன் மேனியில் வியர்வை வழிந்துகொண்டுதான் இருந்தது. வியர்வை நின்ற பின்னரே ஆபத்து என்னும் எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. உழைப்பால் வரும் தாக்கிற்கு அது பொருந்தாது. ஓடும் பிள்ளை பிதற்றினால் மருத்துவ வாகனத்தை அழைக்க வேண்டும். அது வரும்வரை காத்திராமல் உடனே நீரால் குளிர்விக்கவும் வேண்டும்.

பள்ளி அறிவிப்புகளில் 'கடும் வெயிலில் ஓடாதீர்' என்று எழுதுகிறோம். 'புழுக்கம் மிகுந்த வேளையிலும்' என்று சேர்த்தெழுத ஒரு வரி போதும்.